தலைகீழாகத் தெரிந்த ஆஸ்டின் டவுன்

காக்ஸ் டவுன்,
28-9-1959, திங்கள்

பொறியியல் மாணவர் சங்கத்தின் செக்ரட்டரி முனிராஜ் அவர்களுக்கு, அதே சங்கத்தின் ஜாயின்ட் செக்ரட்டரி பெர்னதெத் எழுதுவது.

நாற்பத்திரண்டு பேரும் லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு நந்தி அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். மூன்று வார சர்வே முகாம், கூடாரம், ஏரி, பனி எல்லாம் உங்களுக்கு. அதே மூன்றாம் வருஷ சிவில் வகுப்பில் நாற்பத்து மூன்றாவது ஆளாகிய எனக்கு 77-ஆம் நம்பர் பஸ்கூட நேரத்துக்கு வருவதில்லை. "பெண்கள் தங்க வசதி இல்லை, மிஸ். நீங்கள் ஊரிலேயே எதையாவது அளந்து, ரீடிங்கையெல்லாம் லெவல் புக்கில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று பிரின்சிபால் சொன்னபோது நான் உங்களைத்தான் பார்த்தேன். மாணவர் உரிமை என்று மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மணி பதினொன்றேகால். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

போகட்டும். எதையாவது அளக்கச் சொன்னார்கள், நானும் ஓர் இடம் பிடித்துவிட்டேன். போன வருஷம் நீங்கள் முழங்கி ஆரம்பித்து, பிறகு என் தலையில் கட்டிய சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறதே, அந்த ஆஸ்டின் டவுன் பெண்கள் பள்ளிக்கூடம்தான். மழை பெய்தால் அதன் முற்றத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது. பிள்ளைகள் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாடம் படிக்கிறார்கள். தண்ணீர் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் சர்வே. நம் வகுப்புக்கு வரும் பதினொரு பெண்களும் என் சர்வே கோஷ்டி.

கருவிகளை ஸ்டோர் சின்னப்பா உங்கள் கையெழுத்துச் சீட்டைப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்பக்கம் உங்கள் சிவப்பு மை அட்டை: "ஸ்டாஃபில் சேறு படக்கூடாது. பட்டால் சனிக்கிழமை வகுப்பு ரத்து. செக்ரட்டரி." பதினான்கு அடி மர அளவுகோலுக்கு இவ்வளவு மிரட்டலா? பிள்ளைகள் அதை ஜெபம் மாதிரி மூன்று முறை உரக்கப் படித்தார்கள்.

பிறகு மேடு பள்ளம் பார்க்கும் லெவலின் தூரக்கண்ணாடியில் ஒவ்வொருத்தியாகப் பார்க்க விட்டேன். அதில் எல்லாமே தலைகீழாகத் தெரியும் என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. எல்லம்மாதான் முதலில் பார்த்தாள். ஏழாம் வகுப்பு, ரெட்டைப் பின்னல், யாரிடமும் அதிகம் பேசாதவள். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாக, "அக்கா, டீச்சர் வானத்துல நடக்குறாங்க" என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சுப்புலக்ஷ்மி டீச்சர் குடையோடு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடம், கொடிக்கம்பம், மரமல்லி மரம் எல்லாம் மேலேயிருந்து தொங்கின. ஒன்றும் கீழே விழவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது எல்லம்மா பத்தடிக்கு ஒருதரம் நின்று, குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தெருவைப் பார்த்துக்கொண்டே போனாள்.

முகாமில் சோற்றில் கல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பெர்னதெத்


நந்தி அடிவாரம்,
2-10-1959

மிஸ் பெர்னதெத் அவர்களுக்கு,

உங்கள் வேண்டுதல் பலித்துவிட்டது. கல்லோடு மண்ணும் இருக்கிறது.

கடிகாரத்தைப் பார்த்தது உண்மைதான். உங்களுக்காக ஒரு வார்த்தை பேசினால் நாற்பத்தொரு பேரும் பின்னாலிருந்து இருமுவார்கள் என்று பயந்தேன். எழுதும்போது இது எவ்வளவு சின்ன பயமாகத் தெரிகிறது. அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

இங்கே காலை ஆறரைக்கு ஏரி இருக்காது. பனி மட்டும் இருக்கும். கொடி பிடிக்கிறவர்களை அக்கரைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். முதலில் ஒரு சிவப்புத் துணி தெரியும், அப்புறம் ஒரு கை, அப்புறம் ஆள். ஒவ்வொரு காலையும் யாரோ அவர்களைப் புதிதாகச் செய்து அனுப்புகிறார்கள் என்று தோன்றும். அந்த நேரத்தில் நான் கணக்குப் போடுவதில்லை. கனவுதான் காண்கிறேன். ஆஸ்டின் டவுனில் ஒரு சனிக்கிழமை வகுப்பு இருக்கிறதல்லவா? அடுத்த வருஷம் காக்ஸ் டவுனில் ஒன்று, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒன்று. கன்டோன்மென்ட் முழுக்க சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் லெவல் வைக்கும் முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். வண்டிக்காரர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். எங்கள் அப்பா மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டர். இன்ஜினியர் என்றால் யார் என்று அவர் முதன்முதலில் பார்த்ததே தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரரைத்தான். நம் பிள்ளைகள் முதலில் பார்க்கும் இன்ஜினியர் உங்களைப் போல ஒருவராக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். இதை மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அட்டையைக் கேலி செய்யாதீர்கள். போன தடவை ஸ்டாஃபில் தார் ஒட்டியதற்கு நான் சின்னப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும். என்ன அளந்தீர்கள் என்று உடனே எழுதுங்கள். ஆண்டு விழாவில் சங்கத்தின் சார்பில் காட்ட ஒன்று கிடைத்தால் நல்லது.

முனிராஜ்


காக்ஸ் டவுன்,
7-10-1959, புதன்

செக்ரட்டரி அவர்களுக்கு,

உங்கள் கவரை அப்பா மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சங்க விஷயம் என்றேன். "சங்கத்துக்கு இவ்ளோ கனமா லெட்டர் வருமா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார்.

சனிக்கிழமை அளந்துவிட்டோம். பள்ளிக்கூட வராந்தாவின் கருங்கல் படிதான் எங்கள் ஆரம்பக் கல். அதற்கு நூறு என்று எண் வைத்தோம். நூறு எதற்கு என்று கேட்டார்கள். நாமாக வைத்துக்கொள்வதுதான், மற்ற எல்லாம் அதிலிருந்து மேடா பள்ளமா என்று பார்ப்போம் என்றேன். ஒருத்தி படிக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

முற்றம், வாசல், தெரு, கடைசியில் வாசலுக்கு வெளியே போகும் சாக்கடை. சாக்கடையில் ஸ்டாஃபை நிறுத்தினது எல்லம்மா. வேலி மறைவில் நின்றதால் எனக்கு அவள் தெரியவில்லை, ஸ்டாஃபின் மேல்பாதி மட்டும்தான் தெரிந்தது. ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தாள்.

முனிராஜ், சாக்கடையின் அடி நம் முற்றத்தைவிட அரை அங்குலம் மேடாக இருக்கிறது. மூன்று தரம் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். முற்றத்துத் தண்ணீர் வெளியே போக வழியே இல்லை, சாக்கடைத் தண்ணீர்தான் உள்ளே வருகிறது. பிள்ளைகளிடம் சொன்னபோது எல்லாரும் சாக்கடையை முறைத்துப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷமாகப் பரீட்சைக்காகப் படித்த ஒன்று, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பதில் சொல்லியிருக்கிறது.

ஆனால் இன்னும் மறுபடி அளக்கவில்லை. பத்தாம் தேதி மறுபடி எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பெர்னதெத்


நந்தி அடிவாரம்,
9-10-1959

மிஸ் பெர்னதெத் அவர்களுக்கு,

கடிதம் இப்போதுதான் கிடைத்தது. ஏரிக்கரையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் ஓடினேன், எங்கே ஓடினேன் என்று தெரியாது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் யாரிடமும் சொல்லவில்லை, கார்ப்பரேஷனுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன். சங்கத்தின் பெயரில் மனு, "சாக்கடை பள்ளிக்கூடத்தைவிட உயரமாகக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கள் உறுப்பினர்கள் அளந்து நிரூபித்துள்ளார்கள்" என்று. நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். என் கையெழுத்து முதலில். இந்தத் தடவை ஒருவரும் இருமவில்லை. மத்தியானத் தபாலில் போய்விட்டது.

உங்கள் ரீடிங் தப்பாகுமா? வகுப்பில் உங்களைப்போல் லெவல் பார்க்க ஆளில்லை. நீங்கள் முகாமுக்கு வர நான் அன்று செய்யாததை இப்போது செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

முனிராஜ்


ஆஸ்டின் டவுன்,
26-10-1959, திங்கள்

மிஸ் பெர்னதெத் அவர்களுக்கு,

நாம் இருவரும் ஒரே காலேஜில், ஒரே வகுப்பில், எட்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். நான் உங்களுக்குத் தபாலில் எழுதுகிறேன். இன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நான் கூப்பிட்டது காதில் விழவில்லை என்றால் மன்னிக்கவும். விழுந்திருந்தால் இந்தக் கடிதத்தையாவது படியுங்கள்.

பத்தாம் தேதி நாள் முழுக்க மழை, அதற்கடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை, அதனால் நீங்கள் மறுபடி அளக்க முடியவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு எப்படித் தெரியும்? முந்தாநாள் அந்த ஓவர்சீயர் கிருஷ்ணப்பா தன் லெவலோடு வருவார், பிள்ளைகள் முன்னால், சுப்புலக்ஷ்மி டீச்சர் முன்னால் அளப்பார் என்று யார் கண்டார்கள்? அவர் சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாக்கடைகிட்ட உங்க லெக்கத்துல மூணு இஞ்சு ஜாஸ்தி சாமி. எங்க சாக்கடை மோரி சரியாத்தான் இருக்கு. அர்ஜி எழுதறதுக்கு முன்ன இன்னொரு தபா அளந்து நோடி எழுதுங்க" என்று கன்னடம் கலந்து சொல்லி, மனுவை என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இன்று காலை பிரின்சிபால் அறையில் நாம் இருவரும் நின்றபோது நடந்தது வேறு. "ரீடிங் எடுத்தது யார்?" என்று கேட்டார். "மிஸ் பெர்னதெத்" என்றேன். அது உண்மைதானே. அவர் இனிமேல் வெளியே கருவி கிடையாது, சனிக்கிழமை வகுப்பும் கிடையாது என்று சொன்னபோது நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எல்லா இடத்திலும் தவறினால் புரியும், ஓர் அடி தவறினால் புரியும். மற்ற இடமெல்லாம் சரியாக இருக்க, அங்கே மட்டும் மிகச் சரியாக மூன்று அங்குலம் எப்படித் தவறியது?

முனிராஜ்


காக்ஸ் டவுன்,
30-10-1959

முனிராஜ் அவர்களுக்கு,

ரீடிங் என்னுடையது. லெவல் புக்கில் கையெழுத்தும் என்னுடையது. மூன்று அங்குலம் எங்கிருந்து வந்தது என்று இதற்குமேல் கேட்க வேண்டாம். என்னையும் கேட்க வேண்டாம், வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

நீங்கள் பிரின்சிபாலிடம் சொன்னது உண்மைதான். பாதி உண்மை. "மறுபடி அளக்கும்வரை யாரிடமும் சொல்லாதே என்று அவள் எழுதினாள், நான் கேட்கவில்லை" என்பது மீதிப் பாதி. அதைச் சொல்ல அறையில் ஒருவரால்தான் முடியும். அவர் அன்றைக்கும் கடிகாரத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரொபசர் என் லெவல் புக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நவம்பர் முப்பதுக்குள் சரியான லெவல் புக் வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் வருஷம் மறுபடியும். ஆனால் கருவி கொடுக்க மாட்டார்கள். எதை வைத்து அளப்பேன், என் சீப்பை வைத்தா? நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் தப்பாக அளந்திருந்தால் அவர் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். நான் அளந்ததால் "பெண்களுக்கு இது வராது" என்கிறார்கள். அப்பா டீச்சர் டிரெயினிங் விண்ணப்பத்தாளை மேசைமேல் வைத்துவிட்டார்.

இனிமேல் எழுத வேண்டாம்.

பெர்னதெத்


ஆஸ்டின் டவுன்,
14-11-1959, சனி

மிஸ் பெர்னதெத் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். பதினைந்து நாள் எழுதவில்லை. இன்று எழுதாவிட்டால் நான் மனிதன் இல்லை.

இன்று காலை எட்டு மணிக்கு எல்லம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். கையில் ஒரு துணிப்பை. அம்மா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "அண்ணா, எங்களுக்குக் கிளாஸ் ரத்து பண்ணிட்டீங்கல்ல, ஸ்டாஃபுல சேறு பட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேறு படவில்லையே, சின்னப்பா பார்த்து வாங்கிவைத்தாரே என்றேன். "அப்ப ஏன் ரத்து? நான்தான் படாம புடிச்சேனே" என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து வாசற்படியில் வைத்தாள்.

பெர்னதெத், அவள் சாக்கடைச் சேற்றில் ஸ்டாஃபை வைக்கவில்லை. செங்கல்லைப் போட்டு அதன்மேல் வைத்திருக்கிறாள். அவள் மட்டும் கணுக்கால் வரை சேற்றில் நின்றிருக்கிறாள். செங்கல்லின் கனம் மூன்று அங்குலம். நான் அங்கேயே ஸ்கேல் வைத்து அளந்தேன். அளக்காமலே தெரியும், ஆனாலும் அளந்தேன்.

"அக்காகிட்ட ஓவர்சீயர் வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். அக்காதான் யார்கிட்டயும் சொல்லாத, தப்பு உன்னுது இல்லன்னாங்க" என்றாள். அப்படியென்றால் தப்பு யாருடையது என்று அவளுக்கு நீங்கள் சொல்லவில்லை. பிரின்சிபால் அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உங்களுக்கு எல்லாம் தெரியும். சொல்லியிருந்தால் உங்கள் மீது ஒரு பழியும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணின்மேல் அது போகும், அல்லது சிவப்பு மையில் அட்டை எழுதியவன்மேல் போகும். நீங்கள் எங்கள் இருவரையும் காப்பாற்றினீர்கள். நான் தபாலில் மூன்று அங்குலம் எப்படித் தவறியது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பிள்ளைகளுக்குக் கருவியைத் தூக்கிக் காட்டினேன், தொடப் பயப்படவும் சொல்லிக்கொடுத்தேன். கடிதத்தில் கன்டோன்மென்ட் முழுக்க முக்காலி என்று எழுதினேன், மூடியில் ரத்து என்று எழுதினேன். இரண்டும் என் கையெழுத்துத்தான்.

திங்கட்கிழமை காலை பிரின்சிபாலிடமும், மத்தியானம் சங்கக் கூட்டத்திலும் சொல்லப்போகிறேன். எல்லம்மா பெயரைச் சொல்ல மாட்டேன். அட்டையைக் கையோடு கொண்டுபோகிறேன்.

முனிராஜ்


காக்ஸ் டவுன்,
18-11-1959, புதன்

முனிராஜ் அவர்களுக்கு,

நீங்கள் பேசியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு பேர் இருமினார்கள். நீங்கள் நிறுத்தவில்லை.

ஒன்றைத் திருத்த வேண்டும். எல்லம்மாவுக்காகத்தான் நான் பேசாமல் இருந்தேன். உங்களுக்காக இல்லை. உங்களுக்காக என்று ஒரு நாள் தோன்றியது, மறுநாள் கோபம் வந்து அதை அடித்துவிட்டது. இப்போது எது மிச்சம் என்று எனக்கே தெரியவில்லை.

செக்ரட்டரி பதவியை எழுதிக்கொடுக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. எழுதிக்கொடுத்துவிட்டீர்கள். சங்க விதிப்படி ஜாயின்ட் செக்ரட்டரியிடம் சாவி வருமாம். நேற்று பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அலமாரிச் சாவியைக் கொடுத்தார். ஒரே ஒரு சனிக்கிழமைக்குக் கருவி தருகிறேன் என்றும் சொன்னார். என்ன கேட்டார் தெரியுமா? "உங்களை முகாமுக்கு அனுப்பாதது சரியா மிஸ் என்று முனிராஜ் என்னைக் கேட்டான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" சரியில்லை சார் என்றேன். மேசையில் இருந்த பென்சிலை எடுத்து நேராக வைத்தார். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்.

21-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு அளக்கிறேன். எல்லம்மா என் பக்கத்தில் நின்று லெவல் புக் எழுதுவாள். சாக்கடையில் ஸ்டாஃப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

பெர்னதெத்


ஆஸ்டின் டவுன்,
19-11-1959

செக்ரட்டரி பெர்னதெத் அவர்களுக்கு,

நான் பிடிக்கிறேன். செங்கல் இல்லாமல்.

முனிராஜ்


காக்ஸ் டவுன்,
23-11-1959, திங்கள்

முனிராஜ்,

சனிக்கிழமை முழுக்க நாம் ஒரே இடத்தில் இருந்தோம். நடந்ததை உங்களுக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நீங்கள் சாக்கடையில் நின்றீர்கள், நான் தூரக்கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பேரும் ஒரே காட்சியைப் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலியை வெட்டச் சொன்னது நல்லதாகப் போயிற்று. முதலில் கண்ணாடியில் பனி, அப்புறம் பள்ளிக்கூடச் சுவர், அப்புறம் நீங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் வரை சேறு, தலை கீழே, கால் மேலே. சேறு உங்களுக்கு மேலே ஒரு கறுத்த வானமாக இருந்தது. மரமல்லிப் பூக்கள் ஒவ்வொன்றாக மேல்நோக்கி விழுந்துகொண்டிருந்தன. நீங்கள் அசையவே இல்லை. ரீடிங் எடுக்க அரை நிமிஷம் போதும். நான் நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். கை வலித்திருக்கும். எல்லம்மாதான், "அக்கா, நம்பர் சொல்லு" என்று என் முழங்கையைத் தட்டினாள்.

பிறகு நடந்ததை நீங்கள் கால் கழுவப் போனதால் தவறவிட்டீர்கள். பழைய கணக்கில் சாக்கடை முற்றத்தைவிட அரை அங்குலம் மேடு. அதில் செங்கல்லின் மூன்று அங்குலத்தைக் கழித்துப் புதிய ரீடிங்கோடு சரிபார் என்று எல்லம்மாவிடம் சொன்னேன். கரும்பலகையில் கழித்தாள். இரண்டும் ஒன்றாக வந்தது. சாக்கடை முற்றத்தைவிட இரண்டரை அங்குலம் பள்ளம். என் லெவல் புக் பிழைத்தது என்று நான் மூச்சு விட்டேன். அவள் மட்டும் சாக்பீஸோடு நின்றுகொண்டே இருந்தாள். "அக்கா, மோரி நம்மளவிடப் பள்ளம்னா, ஒரு ஓட்டை போட்டா நம்ம தண்ணி அதுக்குப் போயிடும்ல?" என்று கேட்டாள்.

முனிராஜ், நாம் இருவரும் நாலு வாரமாக அந்த மூன்று அங்குலத்தோடு குடித்தனம் பண்ணினோம். யாருடைய மூன்று அங்குலம் என்று கடிதம் எழுதினோம், கோபித்துக்கொண்டோம், பதவியை விட்டோம், விண்ணப்பத்தாள் வாங்கினோம். தண்ணீருக்கு அது என்ன என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஓவர்சீயரும் கேட்கவில்லை, அவருக்கு அவர் சாக்கடை சரியாக இருந்தால் போதும். முற்றத்திலிருந்து சாக்கடை வரை நாற்பது அடி, நடுவில் வாசல் மேடுதான் தண்ணீரைத் தடுக்கிறது. நாற்பது அடிக்கு இரண்டரை அங்குல இறக்கம் தாராளம்.

அதனால் நானும் சுப்புலக்ஷ்மி டீச்சரும் இன்று கிருஷ்ணப்பாவைப் போய்ப் பார்த்தோம். லெவல் புக்கைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "யாரம்மா எழுதினது, அட்சரம் முத்து முத்தா இருக்கு?" என்றார். ஏழாம் வகுப்புப் பெண் என்றேன். மிச்சமிருக்கும் மண் குழாய் பத்து தருகிறாராம், பள்ளம் நாமே தோண்ட வேண்டுமாம்.

புரொபசரிடம் லெவல் புக்கைக் கொடுத்துவிட்டேன். அப்பா மேசையிலிருந்து விண்ணப்பத்தாளைக் காணவில்லை. நான் எடுக்கவில்லை.

எது மிச்சம் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தேனே, அது அந்த நாலு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பக்கத்தில் பதினொரு பேர் இருந்ததால் சொல்லவில்லை.

பெர்னதெத்


ஆஸ்டின் டவுன்,
4-12-1959, வெள்ளி

செக்ரட்டரி பெர்னதெத் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்குப் பதில் எழுத பத்து நாளாக முயற்சி செய்கிறேன். ஒன்பது தாள் கிழித்தாயிற்று. மேடையில் இவ்வளவு திணறியதில்லை. பதிலைக் கடைசியில் வைக்கிறேன், முதலில் சங்க விஷயம்.

மதராஸ் பக்கம் புயலாம். இங்கே சாயங்காலம் நாலரை மணிக்குப் பிடித்தது. காக்ஸ் டவுனிலும் பெய்திருக்கும், நீங்கள் ஜன்னலில் நின்று ஆஸ்டின் டவுனை நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் குடையைக்கூட எடுக்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். சனிக்கிழமை நாம் குழாய் பதித்து மண் மூடியதிலிருந்து இதுதான் முதல் மழை.

பதினொரு பேரும் வராந்தாப் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகச் சொல்லி சுப்புலக்ஷ்மி டீச்சர் மூன்று முறை சொல்லிவிட்டு, நாலாம் முறை அவரும் வந்து அவர்களோடு உட்கார்ந்துவிட்டார். முற்றத்தில் தண்ணீர் ஏறியது. குங்குமம் வைத்த படியிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறிக்கொண்டே இருந்தது. மறுபடியும் கிருஷ்ணப்பா சைக்கிளில் வருவதுபோலத் தோன்றிற்று. அப்புறம் ஒரு காய்ந்த இலை மெல்ல நகர்ந்தது. குழாய்வாயை நோக்கிப் போயிற்று. வாயருகில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போய்விட்டது. எல்லம்மா மட்டும் மழையில் இறங்கி, வாசலுக்கு வெளியே ஓடி, சாக்கடைப் பக்கம் குனிந்து பார்த்து, "வந்துடுச்சு" என்றாள். அந்த இலையைச் சொன்னாள்.

அவள் செங்கல்லைக் குழாய் வாயில் பதிக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் கேட்கவில்லை. வீட்டில் அரிசிப் பானைக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

பதில். பிரின்சிபால் அறையில் நான் கடிகாரத்தைப் பார்த்த அந்தப் பதினொன்றேகாலிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரே ஆசைதான், உங்கள் பக்கத்தில் நின்று நீங்கள் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு நீங்கள் இல்லை. அதனால் பிள்ளைகள் சிரித்தாலும் பரவாயில்லை என்று எல்லம்மா மாதிரியே செய்தேன். மழையில் திரும்பி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே பார்த்தேன். பள்ளிக்கூடம் தொங்கியது, டீச்சர் தொங்கினார், மழை கீழேயிருந்து மேலே பெய்தது. தண்ணீர் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

எப்படிப் பார்த்தாலும் வெளியேதான் போகிறது, பெர்னதெத். நாளை சனிக்கிழமை. எட்டு மணிக்கு வாருங்கள்.

முனிராஜ்